அப்பாவோட பழைய மாருதி 800: எந்த ஒட்டுவேலையை மாத்தணும், எதை விட்டுடலாம், எவ்வளவு செலவு பண்ணலாம்?

கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், எஸ்ஐபி எல்லாம் நிறைய பேசியாச்சு. இன்னைக்கு பேசப்போறது எந்த ஆப்லயும் காட்டாத ஒரு கடனைப் பத்தி. அது ஊர்ல உங்க வீட்டு முற்றத்துல, தென்னைமர நிழல்ல, பழைய தார்ப்பாய் போர்த்தி நிக்குது. அப்பாவோட கார்.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ திருவனந்தபுரத்துலயோ வேலை பார்க்கறீங்க. வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போறீங்க. போகும்போது அந்த வண்டியை எடுத்தா கதவு ஒரு தினுசா சாத்தணும், ஹாரன் அடிக்க டேஷ்போர்டுக்கு கீழ தனி ஸ்விட்ச், இன்ஜின் சூடானா ஃபேன் போட இன்னொரு ஸ்விட்ச், கால்மிதிக்கு அடியில தகரம். அப்பாவுக்கு இது எதுவுமே குறையா தெரியாது. "வண்டிக்கு என்ன மக்கா, நேத்தும் திருச்செந்தூர் போயிட்டு வந்தேன்" என்பார். அவர் சொல்றது உண்மைதான். போயிட்டுத்தான் வந்திருக்கார்.

ஆனா அந்த வண்டியிலதான் அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதனால இந்த விஷயத்தை பாசமா மட்டும் பார்க்காம கணக்காவும் பார்ப்போம்.

உதாரணத்துக்கு கன்னியாகுமரி மாவட்டம் அஞ்சுகிராமத்தை எடுத்துக்கறேன். காரணம் இருக்கு. ஒண்ணு, கடல் பக்கத்துலயே. வட்டக்கோட்டை பக்கம் இருந்து வர்ற உப்புக் காத்து இரும்பை சும்மா விடாது. ரெண்டு, பெரிய ஆஸ்பத்திரி, ஆர்டிஓ ஆபீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் கடைன்னு எதுக்கும் மயிலாடி, சுசீந்திரம் வழியா நாகர்கோவிலுக்கு ஓடணும். மூணாவது காரணம்தான் சுவாரசியமானது. 2010 ஏப்ரல்ல பிஎஸ்4 விதி வந்தப்போ சென்னை உட்பட 13 பெரிய நகரங்கள்ல மாருதி 800 விற்பனையை நிறுத்திட்டாங்க. மத்த ஊர்கள்ல வித்துட்டே இருந்தாங்க. உற்பத்தி நின்னது 2014 ஜனவரியில. அதனால சென்னைக்காரங்க 800-ஐ மறந்துட்டாலும், டிஎன் 74 நம்பர்ல 2011, 2012 மாடல் 800 இன்னும் ஓடுது. 2011 மாடலுக்கு 2026-ல 15 வருஷம் முடியுது. ஆர்சி புதுப்பிக்கணும். அதாவது, இத்தனை நாள் தள்ளிப்போட்ட எல்லா ஒட்டுவேலையும் இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நிக்கப்போற நேரம் இது.

உங்க வீட்ல ஆல்ட்டோவோ, ஆம்னியோ, சான்ட்ரோவோ இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

ஒட்டுவேலைன்னா ஏன் கடன்?

ரேடியேட்டர்ல சின்ன ஓட்டை. புதுசு போட ஆயிரக்கணக்குல ஆகும். எம்-சீல் வச்சு அடைக்க நூறு ரூபா கூட ஆகாது. அந்த வித்தியாசத்தை நீங்க மிச்சம் பிடிச்சதா நினைக்கறீங்க. உண்மையில அந்தப் பணத்தை வண்டிகிட்ட இருந்து கடனா வாங்கியிருக்கீங்க. வண்டி அதை ஒருநாள் திருப்பிக் கேட்கும். எப்ப கேட்கும், எவ்வளவு வட்டியோட கேட்கும்னு உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

எல்லாக் கடனும் கெட்ட கடன் இல்லையே. ஹோம் லோனும் கந்துவட்டியும் ஒண்ணா? ஒட்டுவேலையிலயும் அப்படித்தான். கதவு கைப்பிடிக்கு பதிலா கயிறு கட்டியிருந்தா அது வட்டியில்லாக் கடன். ஃபியூஸுக்கு பதிலா செம்புக் கம்பி சுத்தியிருந்தா அது கந்துவட்டி. நம்ம பசங்க செய்யற தப்பு என்னன்னா, கண்ணுக்குத் தெரியறதை முதல்ல மாத்துவாங்க. தீபாவளி போனஸ் வந்ததும் சீட் கவர், பெயின்ட், பெரிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. அந்த ஸ்டீரியோவுக்கு கரண்ட் எடுக்க ஏற்கனவே டேப் சுத்தின ஒயர்ல இன்னொரு டேப் சுத்துவாங்க! வண்டி பளபளன்னு இருக்கும், பிரேக் ஆயில் கசிஞ்சுட்டே இருக்கும்.

ஒவ்வொரு ஒட்டுவேலையையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது ஓட்டத்துல விட்டுப்போனா என்ன ஆகும்? வண்டி அசிங்கமா தெரியுமா, வழியில நிக்குமா, இல்ல ஆளுக்கு ஆபத்தா? மூணாவது வகையில வர்றதை சம்பளம் வந்த வாரமே மாத்தணும். ரெண்டாவதை மூணு மாசத்துக்குள்ள. முதல் வகையை மறந்துடுங்க. கயிறு கட்டின கதவு திறந்து மூடுதா? சந்தோஷம்.

ஆளைக் கொல்லக்கூடியவை

முதல்ல ஒயரிங். ஏன்னா அதிகம் ஒப்பேத்துற இடம் இதுதான். ஃபியூஸ் அடிக்கடி போகுது. கடைக்காரர் ரெண்டு தடவை மாத்துவார், மூணாவது தடவை ஒரு செம்புக் கம்பியை வச்சு அழுத்திடுவார். அப்புறம் ஃபியூஸே போகாது. அப்பாவுக்கு சந்தோஷம். ஆனா 15 ஆம்பியர் ஃபியூஸோட வேலையே உருகிப் போறதுதான். எங்கயோ ஒயர் தோல் உரிஞ்சு பாடியில உரசுது, அதனாலதான் ஃபியூஸ் போகுது. கம்பி வச்சதுக்கு அப்புறம் உருகறதுக்கு வேற ஆள் வேணுமே? டேஷ்போர்டுக்குப் பின்னாடி போற ஒயர் கட்டே ஃபியூஸா மாறிடும். கம்பியை எடுத்துட்டு சரியான ஃபியூஸ் போடறதோட வேலை முடியாது. உரசற இடத்தைக் கண்டுபிடிக்கணும். நேரடியா இழுத்த ஹெட்லைட், ஹாரன், ஃபேன் மூணுக்கும் ரிலே போட்டு, இன்சுலேஷன் டேப் ஜாயின்ட்டுகளை ஒழுங்கா பத்த வச்சு ஸ்லீவ் மாட்டணும். இது மெக்கானிக் வேலை இல்ல, ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. ஒரு முழு நாள் ஆகும். கூலி தாராளமா குடுங்க.

அந்த ஒயருக்குப் பக்கத்துலயே பெட்ரோல் ஹோஸ் போகுது. 2011 மாடல் எம்பிஎஃப்ஐ இன்ஜின். அதுல பெட்ரோல் லைன் அழுத்தத்தோட வரும். கார்புரேட்டர் காலத்து சாதா ரப்பர் ஹோஸை வெட்டி மாட்டி கட்டுக்கம்பி முறுக்கியிருந்தா அது நிக்காது. கூடவே எத்தனால் விஷயமும் இருக்கு. 2025-ல இந்தியா பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியாச்சு. சில பழைய வண்டிகள்ல 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அப்புறம் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாத்த வேண்டி வரலாம், செலவு பெருசா இருக்காதுன்னு மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சொன்னது. செலவு பெருசா இல்லைங்கறது உண்மைதான். அதனாலயே யாரும் செய்யறதில்ல. பெட்ரோல் டேங்க் கசிவுக்கு துணி சோப்பு அப்பற வைத்தியம் ஒண்ணு உண்டு. வழியில நின்னவன் பங்க் வரைக்கும் போறதுக்கு அருமையான யோசனை. அது ஆறு மாசமா அங்கயே இருந்தா, அது வைத்தியம் இல்ல.

பிரேக். பின் சக்கரத்துல வீல் சிலிண்டர் கசியுது. ஸ்பேர் நாகர்கோவில்ல இருந்து வரணும், அன்னைக்கே வண்டி வேணும். என்ன செய்வாங்க? அந்தச் சக்கரத்துக்குப் போற லைனை அடைச்சு விட்டுடுவாங்க. "ரெண்டு நாள்ல வாங்க அண்ணாச்சி, மாத்திடலாம்." ரெண்டு நாள் ரெண்டு வருஷம் ஆகும். மெதுவா போகும்போது ஒண்ணும் தெரியாது. மழையில அவசரமா மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சோதிக்கறது சுலபம்: ஆள் இல்லாத நேரான ரோட்ல 30 வேகத்துல போய் பிரேக் மிதிங்க. ஸ்டியரிங் ஒரு பக்கம் போனா சந்தேகம். வண்டியைத் தூக்கி, ஒருத்தர் பிரேக் மிதிக்க, இன்னொருத்தர் நாலு சக்கரத்தையும் சுத்திப் பார்த்தா விஷயம் வெளிய வந்துடும்.

பிரேக் ஆயிலையும் கேளுங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினா தரப்படியே அது 140 வரை இறங்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் முழுசா மாத்தணும். பல வீட்ல வண்டி வாங்கின நாள்ல இருந்து குறைஞ்சதுக்கு மேல ஊத்திட்டே வந்திருப்பாங்க.

டயரை யாரும் ஒட்டுவேலையா நினைக்கறதில்ல. பட்டை நல்லாத்தானே இருக்கு, என்ன அவசரம்? டயரோட பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. ஊர் வண்டி குறைவா ஓடும், அதனால பட்டை தேயாது. ஆனா வெயில்ல ரப்பர் வெடிச்சுட்டே இருக்கும். பக்கவாட்டுல விரிசல் தெரிஞ்சா, டியூப்லெஸ் டயர்ல பஞ்சர் நிக்காம டியூப் மாட்டி ஓட்டறாங்கன்னா, அந்த டயருக்கு ஆயுசு முடிஞ்சாச்சு. ஸ்டியரிங் பக்கம் டை ராட் எண்டு, பால் ஜாயின்ட் ஆட்டம் இருக்கான்னும் வண்டியைத் தூக்கும்போதே பார்த்துடுங்க.

வழியில நிறுத்தக்கூடியவை

இங்க ராஜா கூலிங் சிஸ்டம்தான். ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள்பொடி போடறது தலைமுறையா வர்ற வைத்தியம். ஓட்டையை அடைக்கும், கூடவே உள்ள இருக்கற மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அடுத்த கட்டம், "ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிடு." இந்த அறிவுரை குடுக்காத மெக்கானிக்கை நான் இன்னும் பார்க்கல. வால்வு இல்லாம இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் ஆகும். எம்பிஎஃப்ஐ வண்டியில கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் ஜில்லுன்னு இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா ஊத்தும். மைலேஜ் குறையும், இன்ஜின் தேய்மானம் கூடும். அந்த வட்டியை நீங்க பங்க்ல தவணை தவணையா கட்டிட்டு இருப்பீங்க, ஸ்டேட்மென்ட் வராது.

மூணாவது, கூலன்டுக்கு பதிலா தண்ணி. கடலோர ஊர்ல உப்பேறின போர் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்தினா அலுமினிய பாகங்கள் அரிக்கும். புது ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் ஸ்விட்ச், கூலன்ட் எல்லாம் ஒரே தடவையில மாத்துங்க. தனித்தனியா மாத்தினா ஒவ்வொரு தடவையும் கூலி. ஃபேனுக்கு கையால போடற ஸ்விட்ச் இருந்தா அதைக் கழட்டச் சொல்லுங்க. அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அவர் இல்லாத நேரம் நீங்களோ தங்கச்சியோ ஓட்டும்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

துரு: இங்கதான் முடிவே இருக்கு

மேல சொன்ன எல்லாத்தையும் காசு குடுத்தா மாத்திடலாம். துரு அப்படி இல்ல. 800-க்கு தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் வண்டியைத் தாங்குது. தரை ஓட்டையில தகரத்தை ரிவெட் அடிச்சு மேல தார் பூசியிருப்பாங்க. தார் ஈரத்தை உள்ளயே வச்சிருக்கும், துரு தகரத்துக்கு அடியில அமைதியா பரவும். சரியான வேலைன்னா, நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் பண்ணி, பிரைமர் அடிச்சு, சந்துகளை சீல் பண்ணி, அண்டர்பாடி கோட்டிங் குடுக்கணும். இது நல்ல டிங்கருக்கு மூணு நாலு நாள் வேலை.

அதனால வேற எதுக்கும் ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி வண்டியை ராம்ப்ல ஏத்தி, மிதியடியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. தரை நடுவுல ஓட்டைன்னா பரவாயில்ல. சஸ்பென்ஷன் பாடியில பிடிக்கற இடம், ஜாக்கி வைக்கற இடம், கீழ நீளமா ஓடற தாங்கு பெட்டி, சீட் பெல்ட் போல்ட் இதெல்லாம் பொறுபொறுன்னு உதிருதுன்னா அங்கயே நிறுத்திக்குங்க. புது பிரேக்கும் புது டயரும் போட்டு என்ன பிரயோஜனம்? இதை முதல்ல பார்க்கறவங்களுக்கு பெரிய பணம் மிச்சமாகும். பெரும்பாலானவங்க கடைசியிலதான் பார்க்கறாங்க.

கணக்கு போடுவோம் வாங்க

கீழ இருக்கற தொகை எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க மெக்கானிக் சொல்ற தொகையை அந்த இடத்துல போட்டுக்குங்க.

பிரேக் வேலை முழுசா 7,000. பெட்ரோல் ஹோஸ், கிளாம்ப் 1,500. ஒயரிங் 5,000. நாலு டயர் 12,000. ஸ்டியரிங் ஜாயின்ட்டுகள் 3,500. ஆபத்து வகை மட்டும் 29,000. கூலிங் 8,000, இன்ஜின் மவுன்ட் 2,500, பேட்டரி 4,000, இது ஒரு 14,500. தரை வெல்டிங் 12,000. ஆர்சி புதுப்பிக்கற செலவு எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 63,500.

இப்ப உங்க ஆபீஸ் நண்பர் சொல்வார்: "வண்டியே 40,000-தான் போகும், அதுக்கு 63,500 செலவா? பைத்தியமா?" கேட்க நியாயமா இருக்கு. ஆனா ஒப்பீடு தப்பு. நீங்க அந்த வண்டியை விக்கப்போறதில்லையே. அடுத்த அஞ்சு வருஷம் அப்பா அம்மாவுக்கு போக்குவரத்து வேணும், அதை எந்த வழியில வாங்கறதுன்னுதான் கேள்வி. வழி மூணு.

பழைய வண்டி: 63,500-ஐ அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 12,700. சாதாரண சர்வீஸ் 10,000. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், 1,000 சிசிக்குக் கீழ 2,094 ரூபா, ஜிஎஸ்டியோட சுமார் 2,500. இன்னைக்கு வித்தா 40,000, அஞ்சு வருஷம் கழிச்சு இரும்புக்குப் போட்டா 15,000-னு வச்சா, அந்த 25,000 இழப்பும் நம்ம செலவுதான், வருஷம் 5,000. கூட்டினா 30,200. மாசம் சுமார் 2,500.

புது வண்டி: ரோட்டுக்கு வர 6 லட்சம், ஒரு லட்சம் கையில இருந்து, 5 லட்சம் லோன். 9.5 சதவீதம், 5 வருஷம்னா இஎம்ஐ 10,501. அஞ்சு வருஷத்துல மொத்தம் 7.3 லட்சம் போகும். அப்ப வண்டி 3 லட்சத்துக்குப் போகும்னு தாராளமா வச்சாலும், மாசம் 7,100-க்கு மேல. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் சேர்த்தா 9,000-ஐத் தொடும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சது உண்மைதான். அது விலையைக் குறைச்சது, இஎம்ஐயை ஒழிக்கல.

டாக்ஸி: நாகர்கோவில் போய் காத்திருந்து திரும்ப 1,200-னு வச்சுக்குவோம். சொந்த வண்டியில பெட்ரோல் மட்டும் 250. ஒரு பயணத்துக்கு டாக்ஸி 950 கூடுதல். 30,200-ஐ 950-ஆல வகுத்தா 32. அப்பா வருஷத்துக்கு 32 தடவைக்கு மேல வண்டி எடுக்கறார்னா பழைய வண்டியைச் சரிபண்றது லாபம். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருஷத்துக்கு பத்து தடவைன்னா டாக்ஸிதான் சரி. வண்டியை இன்னைக்கே வித்துடலாம். அப்பா ஓடோமீட்டர் சொல்றதை எழுதி வைங்க, ஆறு மாசத்துல விடை கிடைச்சுடும். ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்ஸி கிடைக்குமாங்கறதை இந்தக் கணக்கு சொல்லாது. அதுக்கு நீங்கதான் மதிப்பு போடணும். என்னைக் கேட்டா, 20 தடவை ஓட்டறவங்களுக்கும் நான் பழைய வண்டியைத்தான் சொல்வேன், பாடி நல்லா இருந்தா.

பணத்தை எங்க இருந்து எடுக்கறது? ஆபத்து வகை 29,000-ஐ அவசர நிதியில இருந்தே எடுக்கலாம். அவசர நிதி இருக்கறதே இதுக்குத்தான். அப்புறம் மாசம் 3,000 போட்டு நிரப்புங்க. மத்ததை போனஸ்ல பார்த்துக்கலாம். இந்த வேலைக்கு பெர்சனல் லோன் வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா?

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு இருக்காதீங்க. தேய்மானம், மெக்கானிக்கல் கோளாறு, எலக்ட்ரிக்கல் கோளாறு இதெல்லாம் மோட்டார் பாலிசியில கிடையாது. முழு பாலிசி இருந்தாலும் வண்டியை நல்ல நிலையில வச்சிருக்கணும்ங்கறது அதுல ஒரு நிபந்தனை. பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்பு பாகங்கள்ல 50 சதவீதம் கழிச்சுத்தான் தருவாங்க, ரப்பர், பிளாஸ்டிக்குக்கும் அதே 50.

எதைப் புதுசா வாங்கணும், எது பழசு போதும்

பிரேக், ஸ்டியரிங், ரப்பர், பெட்ரோல் லைன், இதெல்லாம் பில்லோட, பெட்டியில எம்ஆர்பி அச்சடிச்ச புது பார்ட்ஸ். மாருதி ஒரிஜினல் கிடைக்கலைன்னா டிவிஎஸ் கர்லிங், ரானே, லூகாஸ் டிவிஎஸ் மாதிரி, கார் கம்பெனிகளுக்கே சப்ளை பண்றவங்களோட பார்ட்ஸ் வாங்கலாம். கதவு, கண்ணாடி, சீட், சைடு மிரர், வைப்பர் மோட்டார் எல்லாம் பழசு போதும். அடுத்த தடவை சென்னையில புதுப்பேட்டை பக்கம் போனா தேடிப் பாருங்க, பேரம் பேசத் தெரிஞ்ச நண்பரைக் கூட்டிட்டு. மாத்தின பழைய பார்ட்ஸை மெக்கானிக்கிட்ட திரும்பக் கேளுங்க. மாத்தினாங்களான்னு தெரிஞ்சுக்க இதைவிட எளிய வழி இல்ல.

ஒரு எச்சரிக்கை: ஆசை பெருகிடக் கூடாது. 1983 டிசம்பர்ல இந்திரா காந்தி கையால ஹர்பால் சிங்னு டெல்லிக்காரர் சாவி வாங்கினாரே, அந்த முதல் மாருதி 800 பிற்பாடு தெருவுல துருப்பிடிச்சுக் கிடந்து, அப்புறம் புதுசு மாதிரி ஆக்கப்பட்டு மாருதி தலைமை அலுவலகத்துல நிக்குது. அது காட்சிப் பொருள். அதுக்குக் கணக்கு கிடையாது. உங்க வண்டி ஆஸ்பத்திரி போற வண்டி, போட்ட 63,500-ல நிறுத்திடணும். நடுவுல இன்ஜின் வேலை, கியர்பாக்ஸ் வேலைன்னு 25,000-க்கு மேல புதுசா ஒண்ணு கிளம்பினா, அன்னைக்கு மறுபடி அந்த மூணு வழியையும் வரிசையா வச்சுப் பாருங்க.

அப்பாகிட்ட எப்படிப் பேசறது

இது பல பேருக்கு பணத்தைவிட கஷ்டம். அந்த வண்டியில இருக்கற ஒவ்வொரு ஒட்டுவேலையும் உங்க காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷத்துல போட்டதா இருக்கும். ரேடியேட்டருக்கு எம்-சீல் வச்ச காசு உங்க ஹாஸ்டலுக்கு வந்திருக்கு. அதைப் போய் "இது என்ன குப்பை"ன்னு சொன்னா யாருக்குப் பொறுக்கும்? "அப்பா, ஆர்சி புதுப்பிக்கணும், இன்ஸ்பெக்டர் பார்ப்பார், அதுக்கு முன்னாடி ஒருதடவை எல்லாம் பார்த்துடுவோம்"னு ஆரம்பிங்க. அது உண்மையும்கூட. ராம்ப்ல வண்டி ஏறும்போது அவரும் பக்கத்துல நிக்கட்டும். அவரோட பழைய மெக்கானிக்கையே கூப்பிடுங்க. எந்த லைனை எப்ப அடைச்சோம்னு ஞாபகம் வச்சிருக்கறவர் அவர்தான். முழுப் பட்டியலையும் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க, சும்மா பார்த்துச் சொன்னதுக்கும் கூலி குடுத்துடுங்க. அப்பதான் ஒளிக்காம சொல்வார்.

ஆர்சி தேதிகள்

15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சே ஆகணும்னு ஒரு பயம் சுத்துது. அது டெல்லி வட்டாரத்து கட்டுப்பாட்டைக் கேட்டு வந்த பயம். தமிழ்நாட்டுல சொந்த உபயோக காரை ஆய்வு முடிச்சு அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கலாம். படிவம் 25. ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியில இருந்து போடலாம். காருக்கு புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. தாமதமானா மாசத்துக்கு 500 அபராதம் ஏறும். புகைச் சான்றும் இன்ஷூரன்ஸும் நடப்புல இருக்கணும்.

வேலையை ஆர்சி முடியற தேதிக்கு நாலு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா நாகர்கோவில் ஆர்டிஓ போறதுக்குள்ள நிதானமா முடிக்கலாம்.

ஸ்க்ரூடிரைவர் சோதனையில வண்டி தோத்துடுச்சுன்னா, தெருவுல வர்ற பழைய இரும்புக்காரர்கிட்ட அப்படியே தள்ளிடாதீங்க. ஆர்சி ரத்தாகாத வரை அந்த நம்பருக்கு அப்பாதான் பொறுப்பு. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல குடுத்தா ஒப்படைப்புச் சான்று தருவாங்க. அதை வச்சு புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில 25 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய விதியில இடம் இருக்கு. அந்தச் சான்று யார் பேர்ல இருக்குன்னு பார்த்து, ஆர்சி ரத்தான ரசீதோட சேர்த்து வீட்டு ஃபைல்ல வைங்க. ஃபாஸ்டேக்கை மூட மறந்துடாதீங்க, அதுல நூறு இருநூறு ரூபா எப்பவும் கிடக்கும்.